கிராண்ட் யார் பெயரில்?

தமிழ்ப் பள்ளியில் நாங்கள் நான்காம் ஆண்டு படித்தபோது ஆசிரியை கரும்பலகையில் ‘மகிழுந்து’ என்று எழுதினார். மகிழ்ச்சியாக உந்திச் செல்வதால் மகிழுந்து என்று விளக்கமும் சொன்னார். பின்வரிசையில் இருந்த ஒருவன் எழுந்து, “டீச்சர், எங்கப்பா காடி தினமும் காலையில தள்ளித்தான் ஸ்டார்ட் ஆகும். அதுக்கு என்ன பேரு?” என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. ஆசிரியையும் சிரித்துவிட்டார். அன்று சிரித்தவர்களுள் நானும் ஒருத்தி. சில ஆண்டுகளுக்குப் பிறகு எங்கள் வீட்டு வாசலில் நின்ற கார் எங்களை அழ வைத்தபோதுதான் அந்தக் கேள்வியின் பொருள் எனக்கு விளங்கியது.

பழைய கார் வாங்குவதைப் பற்றி ஓர் ஆண்டிதழில் எழுத என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். மொழியும் இலக்கியமும் பேசும் பக்கங்களில் பெட்ரோல் வாடை எதற்கு என்றும் கேட்கலாம். ஆனால், நண்பர்களே, நம்மில் பலர் பட்டம் வாங்கிய பிறகு வீட்டுக்காகச் செய்யப்போகும் முதல் பெரிய செலவு காராகத்தான் இருக்கும். அந்த முதல் செலவிலேயே தடுக்கி விழுந்து, எழுந்திருக்கப் பத்தாண்டு எடுத்துக்கொண்ட குடும்பங்களைக் கெடா மாநிலத்தில் நான் நிறையவே பார்த்திருக்கிறேன். ஆகவேதான் எழுதுகிறேன்.

தோட்டத்தில் வாழ்ந்த காலத்தில் நம் தாத்தா பாட்டிக்குக் கார் தேவைப்படவில்லை. லயன் வீட்டிலிருந்து நடந்தால் பால்மர நிரை. இன்னொரு பக்கம் நடந்தால் தமிழ்ப் பள்ளி, கோயில், கடை. பட்டணத்துக்குப் போவதென்றால் மாதத்தில் ஒரு நாள் பேருந்து. வசதி வந்தவர்கள் ஒரு ஹோண்டா கப் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தார்கள். கணவன், மனைவி, நடுவில் இரண்டு பிள்ளைகள் என்று குடும்பமே அதில் போகும். பின்னர் பால்மரங்கள் சாய்ந்தன, செம்பனை வந்தது, பல தோட்டங்கள் கைமாறின, துண்டு துண்டாயின. கோல கெட்டில், பாடாங் செராய், பீடோங், லூனாஸ் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து மக்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். 1996-இல் திறக்கப்பட்ட கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவும் சுங்கைப் பட்டாணித் தொழிற்சாலைகளும் வேலை கொடுத்தன. ஆனால் வீடு ஓரிடம், வேலை வேறிடம், பள்ளி மற்றோரிடம் என்று வாழ்க்கை சிதறிவிட்டது. தொழிற்சாலைப் பேருந்து தொழிலாளியை ஏற்றிச் செல்லும்; அவருடைய தாயாரைச் சுல்தான் அப்துல் ஹலிம் மருத்துவமனைக்கு ஏற்றிச் செல்லுமா? இரவு ஷிஃப்டில் இருக்கும் மகளை வேளை கெட்ட வேளையில் வீட்டுக்குக் கொண்டு வருமா? ஆக, நம் மக்களுக்குக் கார் ஆடம்பரம் அல்ல. தோட்டத்தில் நடந்தே செய்த காரியங்களைச் செய்வதற்கான கால்கள் அவை.

1985-இல் புரோட்டோன் சாகாவும் 1994-இல் பெரோடுவா கஞ்சிலும் வெளிவந்த பிறகு அந்தக் கால்கள் நம் கைக்கு எட்டும் தூரத்துக்கு வந்தன. புதியது முடியாதவர்களுக்குப் பழையது கிடைத்தது. சிக்கலும் அங்கேதான் தொடங்கியது.

பழைய கார் என்றதும் நம் இளைஞர்கள் கேட்கும் கேள்விகளைக் கவனித்திருக்கிறீர்களா? என்ன மாடல்? மேனுவலா, ஆட்டோவா? ஸ்போர்ட் ரிம் உண்டா? முன்பணம் எவ்வளவு? மாதம் எவ்வளவு? எல்லாம் கேட்பார்கள். ஒன்றை மட்டும் கேட்க மாட்டார்கள். “கிராண்ட் யார் பெயரில் இருக்கிறது?” வாகனத்தின் உரிமைப் பத்திரத்தைத்தான் நம் வழக்கில் கிராண்ட் என்கிறோம். அந்த ஒரு கேள்வியைக் கேட்காததற்கு என் குடும்பம் கொடுத்த விலை 12,100 ரிங்கிட்.

2015-ஆம் ஆண்டு. நான் ஆறாம் ஆண்டு மாணவி. அப்பாவுக்குத் தெரிந்த ஒருவர், அதே தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், வீட்டுக்கு வந்தார். “அண்ணே, எனக்கு ரெண்டு காடி கட்டுப்படியாகல. இத நீங்க எடுத்துக்குங்க. முன்பணம் 2,500 கொடுங்க. மாசம் 480 என் கையில கொடுத்தா நான் பேங்குல கட்டிடுறேன். கட்டி முடிஞ்சதும் பேரு மாத்திக்கலாம்” என்றார். மலாய் மொழியில் இதைச் ‘சம்போங் பாயார்’ என்பார்கள். ஒருவர் விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் தவணையைத் தொடர்ந்து கட்டுவது. ஒரு தாளில் மலாயில் எழுதி, சத்தியப் பிரமாண ஆணையரிடம் முத்திரையும் வாங்கிவந்தார்கள். முத்திரையைப் பார்த்ததும் அப்பாவுக்கு முழு நம்பிக்கை வந்துவிட்டது. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியோடு படிப்பை முடித்தவர் அவர். அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. எனக்கும் அப்போது தெரியாது.

இருபது மாதம் அப்பா ஒரு மாதம்கூடத் தவறாமல் பணம் கொடுத்தார். 2017-இல் ஒரு நாள் கோயில் திருவிழா முடிந்து வெளியே வந்தோம். நிறுத்திய இடத்தில் கார் இல்லை. திருடு போய்விட்டது என்று அப்பா பதறினார். காவல் நிலையத்துக்குப் போன பிறகுதான் விவரம் தெரிந்தது. கார் திருடுபோகவில்லை, கடன் கொடுத்தவர்கள் இழுத்துக்கொண்டு போயிருந்தார்கள். நாங்கள் கொடுத்த பணம் சில மாதங்களாக வங்கிக்குப் போகவே இல்லை. எச்சரிக்கைக் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஆனால் எங்கள் வீட்டுக்கு அல்ல, கிராண்டில் பெயர் இருந்தவர் வீட்டுக்கு. காருக்குள் என் தம்பியின் பள்ளிச் சப்பாத்தும் பாட்டியின் மருந்துப் பையும் இருந்தன. மருந்துப் பை இரண்டு நாள் கழித்துக் கிடைத்தது. பணம் இன்றுவரை கிடைக்கவில்லை.

அந்த மனிதரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அவரும் கடனில் மூழ்கித்தான் இருந்தார் என்று பிறகு தெரிந்தது. நான் கேட்பது வேறு. அப்பா ஏன் கிராண்டைக் காட்டச் சொல்லிக் கேட்கவில்லை? பலமுறை யோசித்திருக்கிறேன். எனக்குக் கிடைத்த விடை இதுதான்: கேட்பது மரியாதை இல்லை என்று அவர் நினைத்தார்.

தோட்டத்தில் வாய்ச்சொல்லே பத்திரம். கடையில் கடன், கூட்டுப் பணம், கல்யாணத்துக்குக் கைமாற்று எல்லாமே வாய்ச்சொல்லில் நடந்தன. கூட்டு பிடிப்பதை 1971-லேயே சட்டம் தடைசெய்துவிட்டது. இருந்தும் நம் வீடுகளில் அது நின்றதா? நிற்கவில்லை. காரணம், அது பெரும்பாலும் ஒழுங்காகவே நடந்தது. ஏன் ஒழுங்காக நடந்தது? நாம் எல்லாரும் அரிச்சந்திரர்கள் என்பதாலா? இல்லை. ஒரே லயனில் குடியிருந்தோம். பணம் வாங்கியவர் மறுநாள் காலை பெரட்டுக்கு வந்தே ஆகவேண்டும். ஒரே குழாயில்தான் தண்ணீர் பிடிக்க வேண்டும். ஏமாற்றிவிட்டு எங்கே ஓடுவது? அந்த வாழ்க்கையே சொல்லுக்குப் பிணை நின்றது. லயன் போய்விட்டது. ஆளுக்கொரு தாமானில் இருக்கிறோம். கைப்பேசி எண்ணை மாற்றினால் ஆளே காணாமல் போய்விடுகிறார். பிணை போன பிறகும் பழைய நம்பிக்கையை மட்டும் நாம் பிடித்துக்கொண்டிருக்கிறோம். கேட்டால், “என்னண்ணே, எங்க மேல நம்பிக்கை இல்லையா?” என்கிறார்கள். அந்த ஒரு வரிக்கு முன்னால் நம் வாய் அடைத்துப்போகிறது.

சட்டம் இதில் தெளிவாகத்தான் இருக்கிறது. 1967-ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டத்தின்படி, தவணை முடியும் வரை காரின் உரிமையாளர் கடன் கொடுத்த நிறுவனமே. தவணை கட்டுபவர் அதை வைத்து ஓட்டலாம். தம் விருப்பப்படி விற்க முடியாது. தொடர்ந்து இரண்டு தவணை தவறினால், முறையான அறிவிப்புக் கொடுத்த பிறகு, காரை எடுத்துக்கொள்ளும் உரிமை அந்நிறுவனத்துக்கு உண்டு. காரின் மொத்த ரொக்க விலையில் 75 விழுக்காட்டுக்கு மேல் கட்டியிருந்தால் மட்டும் நீதிமன்ற உத்தரவு வேண்டும். ஆனால் இந்தப் பாதுகாப்பெல்லாம் ஒப்பந்தத்தில் பெயர் உள்ளவருக்குத்தான். இடையில் புகுந்து பணம் கட்டியவருக்கு அந்தச் சட்டத்தில் இடமே இல்லை. சத்தியப் பிரமாண ஆணையரின் முத்திரை, கையொப்பமிட்டவர் இவர்தான் என்று காட்டுமே தவிர, செல்லாத பேரத்தைச் செல்லுபடியாக்காது. உண்மையிலேயே ஒருவர் தவணையை இன்னொருவருக்கு மாற்றிவிட நினைத்தால், கடன் கொடுத்தவரின் சம்மதத்தோடு மாற்றிக்கொள்ள அதே சட்டம் வழி வைத்திருக்கிறது. அந்தக் கதவைத் தட்டாமல் கொல்லைப்புறமாக நுழைபவர்தான் மாட்டிக்கொள்கிறார்.

கார் போன பிறகு இரண்டு ஆண்டுகள் அப்பா மோட்டாரில்தான் வேலைக்குப் போனார். 2019-இல் 6,000 ரிங்கிட் சேர்ந்தது. இந்த முறை அவர் தனியாகப் போகவில்லை. அதே தோட்டத்தில் வளர்ந்து இன்று வர்க்‌ஷாப் வைத்திருக்கும் போமன் மாமா ஒருவரையும், இடைநிலைப்பள்ளியில் நான்காம் படிவம் படித்துக்கொண்டிருந்த என்னையும் அழைத்துக்கொண்டு போனார். மாமா இயந்திரத்தைப் பார்ப்பார். நான் தாளைப் படிப்பேன். “பொம்பளப் புள்ளைக்குக் காடியப் பத்தி என்ன தெரியும்?” என்று விற்பவர் சிரித்தார். எனக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாதுதான். மலாய் தெரியும். அது போதுமானதாக இருந்தது.

முதல் இரண்டு கார்கள் தாளிலேயே தோற்றன. ஒன்றின் கிராண்டில் இன்னும் கடன் நிறுவனத்தின் உரிமைக் கோரிக்கை இருந்தது. மற்றொன்றில் விற்பவர் பெயரும் கிராண்டில் இருந்த பெயரும் வேறு வேறு. “அது என் மச்சான் பேரு” என்றார். மச்சானை அழைத்து வரச் சொன்னோம். அவர் வரவே இல்லை.

மூன்றாவதாக ஒரு கஞ்சில். கிராண்ட் விற்பவர் பெயரிலேயே, கடன் இல்லாமல் இருந்தது. அதன் பிறகுதான் மாமா பானட்டைத் திறந்தார். அன்று அவர் செய்தவற்றை நான் குறிப்பேட்டில் எழுதிவைத்திருக்கிறேன். நம் வாசகர்களுக்கும் பயன்படும்.

முதலாவதாக, “நாங்க வர்ற வரைக்கும் காடிய ஸ்டார்ட் பண்ணாதீங்க” என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். சூடாக இருக்கும் இயந்திரம் தன் நோயை மறைத்துவிடும். குளிர்ந்திருக்கும்போதுதான் உண்மை பேசும். முதல் புகை நீலமாக வந்தால் எண்ணெய் எரிகிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே கசிகிறதா, கேஸ்கெட் போயிருக்கிறதா என்று சந்தேகிக்க வேண்டும். எண்ணெய் மூடியைத் திறந்து உட்புறம் பார்த்தார். பால் கலந்த தேநீர் போல் படிந்திருந்தால் அந்தக் காரைத் தொடவே கூடாதாம். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று கேட்டு, ரசீதையும் கேட்டார். ரசீது இல்லாததால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு விலையைக் குறைக்கச் சொன்னார்.

அடுத்து மீட்டர். பதினைந்து வயதுக் காரில் மீட்டர் 80,000 கிலோமீட்டர் என்று காட்டினால் மகிழ்ந்துவிடக் கூடாது. பிரேக் மிதியின் ரப்பர் வழுக்கையாகி, ஸ்டீயரிங் பளபளவென்று தேய்ந்து, ஓட்டுநர் இருக்கை குழிவிழுந்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மீட்டரைத் திருப்பிவிடலாம், மிதியின் தேய்மானத்தைத் திருப்ப முடியாது. பிறகு கதவு, பானட், பூட் ஆகியவற்றின் இடைவெளிகள் சமமாக இருக்கின்றனவா, திருகாணிகளில் சாயம் உரிந்திருக்கிறதா, பூட்டின் அடியில் புதிய வெல்டிங் தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார். டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான். பெரிய விபத்தில் சிக்கியதை நிமிர்த்தியும், இரண்டு கார்களை வெட்டி ஒட்டியும் விற்பவர்கள் உண்டு. சாசி எண்ணும் இயந்திர எண்ணும் கிராண்டில் உள்ளவற்றோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று என்னைப் படிக்கச் சொன்னார்.

கடைசியாக இருக்கைப் பட்டையை முழுவதும் வெளியே இழுத்தார். எதற்கு என்று கேட்டேன். “வெள்ளத்துல கெடந்த காடிக்கு மேல எல்லாம் கழுவிடுவாங்க. பட்டையோட அடிவரைக்கும் யாரும் கழுவ மாட்டாங்க, சேறு கோடு போட்டிருக்கும்” என்றார். இரண்டு ஆண்டு கழித்து, 2021 ஆகஸ்ட் 18-இல் ஜெராய் மலையிலிருந்து இறங்கிய வெள்ளம் யான் பகுதியில் வாகனங்களைப் புரட்டிப்போட்டபோதும், அந்த ஆண்டு டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கு மூழ்கியபோதும், 2022 ஜூலையில் பாலிங் வெள்ளம் வந்தபோதும் எனக்கு மாமாவின் பட்டைதான் நினைவுக்கு வந்தது. வெள்ளம் வடிந்த பிறகு அந்தக் கார்களெல்லாம் மாயமாய் மறைந்துவிடுவதில்லை. கழுவித் துடைத்து, வேறோர் ஊரில் மலிவு விலையில் யாருக்கோ காத்துக்கொண்டிருக்கும். மின்கம்பிகளுக்குள் புகுந்த தண்ணீர் ஆறு மாதம் கழித்துத்தான் வேலையைக் காட்டும். பூட்டில் உதிரி டயரைத் தூக்கி அடியில் துருவும் மணலும் உண்டா என்று பாருங்கள். தரைவிரிப்பைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். காருக்குள் வாசனைத் திரவியம் தூக்கலாக இருந்தால் கூடுதலாகவே சந்தேகப்படுங்கள்.

பெயர் மாற்றத்துக்காக வாகனப் பரிசோதனை நிலையத்தில் செய்யும் சோதனையை நம்மவர்கள் பெரிய உத்தரவாதமாக நினைக்கிறார்கள். அதில் தேறிவிட்டால் இயந்திரமும் கியர் பாக்ஸும் நீண்ட நாள் உழைக்கும் என்று பொருள் இல்லை. அதற்கு நமக்கு வேண்டிய போமன் ஒருவர் பார்த்தாக வேண்டும். விற்பவர் சிபாரிசு செய்யும் போமன் கூடாது.

கஞ்சில் 4,300 ரிங்கிட்டுக்கு முடிந்தது. கையில் 6,000 இருந்தும் அப்பா முழுவதையும் காரில் போடவில்லை. மீதியில் டைமிங் பெல்ட், இரண்டு டயர், பேட்டரி, முன் எப்சோபர், காப்புறுதி எல்லாம் முடிந்தன. கையில் உள்ள பணத்தில் முக்கால் பங்குக்கு மேல் காருக்குக் கொடுக்காதே என்பது மாமாவின் கணக்கு. பழைய கார் வாங்கிய முதல் மாதத்திலேயே அது தன் பங்கைக் கேட்கும். சாலை வரி 1,000 சிசிக்குள் இருந்ததால் ஆண்டுக்கு 20 ரிங்கிட்தான்.

கடனுக்கு வாங்கினால் என்ன என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 12,000 ரிங்கிட் கடன், முழுத் தொகைக்கும் ஆண்டுக்கு 5 விழுக்காடு என்ற தட்டை வட்டி, ஐந்தாண்டு. வட்டி மட்டும் 3,000. மாதம் 250 கட்ட வேண்டும். கட்டி முடிக்கும்போது காருக்கு ஐந்து வயது கூடியிருக்கும். விலை பாதியாகக் குறைந்தாலும் வியப்பில்லை. இதில் பழுதுச் செலவு சேரவில்லை. பழைய காருக்குக் கடன் என்பது, ஓடாத நாளிலும் வாடகை கேட்கும் கார்.

புதிய காரே மேல் என்று வாதிடுபவர்களையும் நான் மறுக்கவில்லை. 2023-இல் பெரோடுவா அக்சியாவின் மிக எளிய வகை 22,000 ரிங்கிட் விலையில் வந்தது. பத்து விழுக்காடு முன்பணம் கட்டி, மூன்று விழுக்காடு வட்டியில் ஒன்பது ஆண்டு என்று கணக்கிட்டால் மாதம் 233 ரிங்கிட் வரும். உத்தரவாதமும் உண்டு. நிரந்தர வேலையும் நிலையான சம்பளமும் உள்ள பட்டதாரிக்கு அது நல்ல வழிதான். ஆனால் ஒப்பந்த வேலையில் இருப்பவருக்கும், பிடிபிடிஎன் கடனை இன்னும் கட்டத் தொடங்காதவருக்கும் ஒன்பது ஆண்டு என்பது நீண்ட காலம். தவணை தவறினால் அது வங்கிகளின் கடன் பதிவில் ஏறும்; பின்னர் வீட்டுக் கடன் கேட்கும்போது எதிரே வந்து நிற்கும். அதைவிட ஆபத்தானது, “உன் பேர்ல எடுத்துக் கொடு மச்சான், நான் கட்டிக்கிறேன்” என்ற வேண்டுகோள். சொந்த உபயோகத்துக்கான வாகனக் கடனுக்கு இலாப நோக்கின்றிப் பிணை நின்றவரைத் திவாலாக்க முடியாது என்று 2017-இல் சட்டம் திருத்தப்பட்டது. நல்ல திருத்தம். ஆனால் உங்கள் பெயரிலேயே கடன் எடுத்தால் நீங்கள் பிணையாளர் அல்லர், கடனாளி. அந்தத் திருத்தம் உங்களைக் காப்பாற்றாது.

நம் கழகத்துக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் புதிய மாணவர்களுக்கு அறிமுக வாரம் நடத்துகிறோம். பட்டிமன்றம், கவிதைப் போட்டி எல்லாம் வைக்கிறோம். அவை வேண்டும். அதோடு ஒரு மாலைப் பொழுதை இதற்கும் ஒதுக்குவோம். ஒரு போமனை அழைத்து வருவோம். ஒரு கிராண்டின் நகலையும் ஒரு வாடகைக் கொள்முதல் ஒப்பந்தத்தின் நகலையும் எல்லாரும் வரிவரியாகப் படிப்போம். முன்னாள் மாணவர்களில் வங்கியில், சட்டத்துறையில் இருப்பவர்கள் வந்து விளக்கட்டும். தமிழ்ப் பள்ளியில் தொடங்கி இடைநிலைப்பள்ளி வழியாக இங்கே வந்த நமக்கு இரண்டு மொழியும் தெரியும். தமிழ் மட்டும் தெரிந்த அப்பாவுக்கும் மலாயில் எழுதிய தாளுக்கும் நடுவே நிற்கக்கூடியவர்கள் நாம்தான். மொழி கற்றதற்கு இதைவிடப் பெரிய பயன் என்ன இருக்க முடியும்?

கஞ்சில் இன்னும் ஓடுகிறது. மேட்டில் ஏறும்போது ஏர்கோனை அடைக்க வேண்டும், மற்றபடி குறையில்லை. சென்ற ஆண்டு உறவினர் மகன் ஒருவர் அப்பாவிடம் வந்தார். “மாமா, நல்ல காடி ஒண்ணு இருக்கு, நம்ம ஆளுதான், வெலையும் கம்மி” என்றார். அப்பா காரைச் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை. “கிராண்ட் யார் பேர்ல தம்பி?” என்றார். அந்தத் தம்பியின் முகம் சற்று வாடியது. வீட்டில் ஒரு நிமிடம் அமைதி. பிறகு அவர் எழுந்து போய் கிராண்டை எடுத்துவந்து மேசைமேல் வைத்தார். அம்மா தேநீர் கொண்டுவந்தார். நான் படித்துச் சொன்னேன். உறவு ஒன்றும் முறிந்துவிடவில்லை.

நாமும் கேட்போம்.